பூங்குடி வீடும் ஒரு விடுதலைப் பத்திரமும்

போன வாரம் இரவு தூக்கம் வராமல் 1940-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தைப் பார்த்தேன். எம்.ஜி.எம். தயாரிப்பு, ராபர்ட் இசட். லெனார்ட் இயக்கம். எலிசபெத்தாக கிரீர் கார்சன், டார்சியாக லாரன்ஸ் ஒலிவியர். ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட நாவலை ஹாலிவுட் முதன்முதலாகப் பேசும் படமாக எடுத்தது இதுதான். ஐந்து அக்கா தங்கச்சிகள். அப்பா இறந்துவிட்டால் வீடும் நிலமும் தூரத்து ஆண் உறவுக்காரனுக்குப் போய்விடும், பெண்கள் தெருவில். கதையின் முடிச்சே இதுதான்.

படத்தில் ஹாலிவுட் நிறைய மாற்றியிருக்கிறது. நாவல் காலத்து மெல்லிய நேர் கவுன்களுக்குப் பதிலாக, அடுத்த தலைமுறையின் பலூன் கைகளும் குடைப் பாவாடைகளும். நாவலில் பாதிரியாராக வரும் காலின்ஸ் இங்கே ஒரு நூலகர். மதகுருமாரைக் கேலிப் பாத்திரமாகக் காட்டக் கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி இருந்ததுதான் காரணம். நாவலில் முறைத்துக்கொண்டு நிற்கும் லேடி கேத்தரின், படத்தில் மனசுக்குள் நல்லவளாகிவிடுகிறாள். திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி! இன்னொருவர் ஜேன் மர்ஃபின். நேராக நாவலிலிருந்து வராமல், ஹெலன் ஜெரோம் எழுதிய மேடை நாடகத்தின் வழியாக வந்த கதை என்பதால் சிரிப்பு கூடியிருக்கிறது. கலை இயக்கத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷத்தில் மக்களுக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டிருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு போய்விடுமே என்ற பயம் அந்தச் சிரிப்பில் கரைந்துவிடுகிறது.

அந்தப் பயத்தை நான் முதலில் பார்த்தது தமிழில். 2000-இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்'. ராஜீவ் மேனன் இயக்கம், சுஜாதா வசனம், ரஹ்மான் இசை. மூலம் ஆஸ்டினின் இன்னொரு நாவல், 1811-இல் வந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. கதை நடப்பது பூங்குடி என்ற கற்பனை ஊரில், ஒரு செட்டிநாட்டு வீட்டில். எங்க கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி வழியாக பஸ் ஏறினால் அந்த மாதிரி வீடுகள் இருக்கும் காரைக்குடிப் பக்கம் போய்விடலாம். வாடகை வி.சி.டி.யில் உம்மா, லாத்தா, நான் மூணு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அம்மாவோடு அந்த வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் லாத்தா அழுதது நல்லா ஞாபகம் இருக்கிறது. "சினிமாதானே, ஏன்லா அழுவுற?" என்று உம்மா அதட்டினார்கள்.

இப்போது சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஆஸ்டின் காலத்து இங்கிலாந்தில் நிலச் சொத்து சிதறக் கூடாது என்று ஆண் வாரிசுக்கே கட்டிவைக்கும் ஏற்பாடு சர்வ சாதாரணம். பெண்களைத் தவிர்க்கத் தனிக் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்டினுக்கு இது சொந்த அனுபவமும்கூட. 1805-இல் அப்பா இறந்த பிறகு அவரும் அக்கா கசாண்ட்ராவும் அம்மாவும் சகோதரர்கள் கொடுக்கும் பணத்தை எதிர்பார்த்து இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தார்கள். பணக்கார உறவினர்கள் தத்தெடுத்த அண்ணன் எட்வர்ட், 1809-இல் சாட்டன் என்ற ஊரில் ஒரு வீட்டைக் கொடுத்த பிறகுதான் நிலையாக உட்கார்ந்து நாவல்களை வெளியிட முடிந்தது. அண்ணன் கொடுத்த வீடு. கொடுக்காமலும் இருந்திருக்கலாம்.

2000-இல் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1989-இல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்து, அன்றைக்குக் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்திலும் சம உரிமை கொடுத்தது. ஆகவே ஆஸ்டினின் கதையைச் செட்டிநாட்டுக்குக் கொண்டுவர, தாத்தா ஒரு உயில் எழுதியாக வேண்டும். அந்த உயிலுக்கு நம்ம ஊர் நம்புகிற ஒரு காரணமும் வேண்டும். படத்தில் அந்தக் காரணம், மகள் வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்தது. கடைசிக் காலத்தில் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டது அந்த மகள்தான். ஆனாலும் பழைய உயில் பழைய உயில்தான், வீடு மகனுக்கு.

உயிலே இல்லாவிட்டாலும் அந்த அம்மாவுக்குச் சிக்கல் இருந்திருக்கும். ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வரும்வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது என்று 1956 சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2005-இல்தான் அதை எடுத்தார்கள்.

ஆஸ்டினின் பெண்களுக்குக் கிடைக்காத ஒன்று தமிழ்ப் படத்தில் உண்டு, சம்பளம். மூத்தவள் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறாள், இளையவள் பின்னணிப் பாடகியாகிறாள். 1940 படத்தின் சகோதரிகள் கடைசிவரை மாப்பிள்ளைக்குக் காத்திருக்க, இவர்கள் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறார்கள். இளையவளை ஏமாற்றும் ஸ்ரீகாந்த் நடத்தும் நிதி நிறுவனம் திவாலாவதும் அந்தக் காலத்துச் செய்திதான். 1990-களில் இங்கே நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997-இல் டெபாசிட்தாரர்களைக் காக்கத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

சரி, எங்க ஊர் கதைக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஷரீஅத் சட்டம். மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு. பாதிதானே என்று தோன்றும், ஆனால் அந்தப் பாதி உறுதியானது. உயில் எழுதுவதென்றால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது, மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வாரிசுக்கு மட்டும் எழுதியும் வைக்க முடியாது. பூங்குடித் தாத்தா செய்ததை என் வாப்பாவால் செய்திருக்கவே முடியாது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் வீட்டையே மகளுக்குக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே வரவைக்கும் வழக்கமும் உண்டு.

அப்புறம் எப்படிப் பெண்களுக்குப் பங்கு கிடைக்காமல் போகிறது? உயில் தேவையில்லை, கையெழுத்து போதும். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். இந்து வீடோ முஸ்லிம் வீடோ, "எனக்குப் பாத்தியம் எதுவும் வேண்டாம்" என்று அக்காவோ தங்கச்சியோ பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

வாப்பா மவுத்தான பிறகு லாத்தாவிடம் நாங்கள் அதைத்தான் வாங்கினோம். நானும் காக்காவும்.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயம் படித்திருக்கிறீர்களா? தங்கச்சிகளைப் பார்த்துக்கொள்வதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த ஜான், மூன்று பேருக்கும் சேர்த்து 3,000 பவுண்டு கொடுக்க நினைக்கிறான். மனைவி பேசப் பேச அது பாதியாகிறது. பிறகு சித்திக்கு வருஷம் 100 பவுண்டு, பிறகு எப்போதாவது 50, கடைசியில் பணமே இல்லை. வீடு மாற ஒத்தாசையும், அவ்வப்போது மீனும் வேட்டைக் கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது.

மீன் என்று படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க வீட்டில் மனைவி யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. முதலில் பங்கைப் பணமாகக் கொடுத்துவிடுவோம் என்றோம். அப்புறம் வீடு கட்டி முடிச்சதும் பார்ப்போம் என்றோம். அப்புறம், "கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டாச்சுல்ல, அதுக்கு மேல என்ன?" என்றோம். லாத்தா ஒண்ணும் கேட்கவில்லை. "தம்பிங்க நல்லா இருந்தா போதும்"னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க. அன்றிலிருந்து கடல்ல நல்ல மீன் வந்தா, நண்டு வந்தா, நான் தவறாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நல்ல தம்பி என்று ஊரில் பேர்.

கல்யாணத்தில் போட்ட நகை வாரிசுப் பங்கில் கழியாது என்று எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆலிம்ஷாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

காக்காவிடம் நேற்று போனில் பேசினேன். "பத்து வருஷம் கழிச்சு இப்ப ஏன் கிளறுறே?" என்றார். என் பங்கிலிருந்து லாத்தாவுக்குச் சேர வேண்டியதை மட்டும் கணக்குப் போட்டுவிட்டேன். காக்கா பங்குக்கு அவர்தான் பதில் சொல்லணும். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது இந்த முறை மீனோடு போகப்போவதில்லை.