மகரம்

மகரம் தமிழகக் கோயிற்கலையில் கல், செம்பு, பொன் என எல்லாப் பொருளிலும் வடிக்கப்பட்ட கற்பனைக் கடலுயிர். துதிக்கை போல் மடங்கிய மூக்கு, முதலையின் தாடை, குறுங்கால்கள், மீனுடல், இலைச்சுருளாக விரியும் வால் ஆகியவை இதன் அடையாளங்கள். தமிழ் அகராதிகள் சுறா என்று பொருள் தருகின்றன. வருணனுக்கும் கங்கைக்கும் ஊர்தி, மன்மதனுக்குக் கொடி. மூல உயிர் முதலை என்பாரும் கங்கை ஓங்கில் என்பாரும் உண்டு. இந்தியில் முதலையைக் குறிக்கும் 'மகர்' இச்சொல்லின் வழிவந்ததே.

பீகாரின் பராபர் மலையில், மௌரியர் காலத்து லோமச ரிஷி குகையின் வாயில் வளைவில் யானை வரிசையின் இரு முனைகளிலும் மகரங்கள் உள்ளன. பார்குத் தூபியின் வட்டச் சிற்பங்களிலும் அவற்றைக் காணலாம்.

தமிழில் இதன் தடம் கல்லுக்கு முன்பே சொல்லில் கிடைக்கிறது. நக்கீரரின் திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் எனும் அணங்குப் பெண்களின் தலைக்கோலத்தில் 'வலம்புரி', 'மகரப்பகுவாய்' என்ற இரு அணிகள் வருகின்றன. ஒன்று சங்கின் வடிவம். மற்றது சுறாவின் பிளந்த வாய். முருகன் உறையும் மலைகளைப் பாடும் நூலில் கடலுயிர்கள் இரண்டு கூந்தலில் ஏறியிருப்பது அழகான செய்தி. இசையிலும் மகரம் உண்டு: நால்வகை யாழ்களில் ஒன்றுக்கு மகர யாழ் என்று பெயர். 1947இல் வெளிவந்த விபுலானந்தரின் 'யாழ்நூல்' இவ்யாழ்களை விரிவாக ஆராய்ந்தது.

தமிழகத்தில் மகரம் முழு அழகு பெற்றது தோரணத்தில்தான். முதலாம் மகேந்திரவர்மனின் தளவானூர்க் குடைவரை முகப்பிலும், மாமல்லபுரம் திரௌபதி ரதத்தின் கோட்டங்களுக்கு மேலும் உள்ள மகர தோரணங்கள் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரு தூண்களின் மேல் இரு மகரங்கள் அமர, அவற்றை இணைத்தபடி வளைவு எழுகிறது. வால்தான் சிற்பியின் கைத்திறனுக்குச் சோதனை. மீனின் துடுப்பாகத் தொடங்கும் கோடு எந்த இடத்தில் இலையாகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது; நீரில் பிறந்தது கொடியாகத் தழைத்துவிடும். நீரே உயிரின் விதை என்ற பழைய நினைவு இவ்வடிவில் ஒளிந்திருப்பதை ஆனந்த குமாரசாமி தம் 'யட்சர்கள்' நூலில் எடுத்துக்காட்டினார்.

தோரணம், போதிகை, கூடு முதலியவற்றின் மாற்றத்தை நூல் பிடித்துத் தொடர்ந்து, கல்வெட்டில்லாத கோயிலுக்கும் காலம் குறிக்க முடியும் என்று காட்டியவர் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் (1914). இத்தகைய ஒப்பீட்டுக்குக் காலம் உறுதியான கோயில்கள் அளவுகோலாகின்றன. திருத்தணி வீரட்டானேசுவரர் கற்றளி அப்படிப்பட்டது. பல்லவ மன்னன் அபராசிதவர்மனின் 18ஆம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி எடுப்பித்த, யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாடம் அது. அரசனே பாடிய வெண்பா அங்கே கல்லில் உள்ளது. பல்லவக் கலை முடிந்து சோழக் கலை தொடங்கும் வாசலில் நிற்கும் இச்சிறு கோயிலை, முருகனைக் காண மலையேறும் கூட்டத்தில் மிகச் சிலரே பார்க்கிறார்கள் என்பது வருத்தம் தருகிறது.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் தோரணம், திருமேனியைச் சூழும் திருவாசியாயிற்று. அதன் இரு அடிமுனைகளிலும் மகரத் தலைகள். நடராசரின் வலக்காதில் மகரக்குழை, இடக்காதில் தோடு. தென்திருப்பேரைப் பெருமாளுக்கு மகர நெடுங்குழைக்காதர் என்ற பெயரே அமைந்தது. இலங்கையின் புத்த விகாரைகளில் மகரம் தோரணமாகவும் படிக்கட்டின் கைப்பிடிச் சுவராகவும் நிற்கிறது. சாவகத்தின் போரோபுதூரில் மழைநீர் வடியும் தூம்பாக அமைந்து, தன் வாயாலேயே நீரை உமிழ்கிறது.

இன்று பலர் மகரத்தையும் யாளி என்றே சொல்லிவிடுகிறார்கள். யாளி சிங்க உடலோடு பாய்ந்து நிற்கும்; அதன் வால் விலங்கின் வாலாகவே முடியும். மகரம் தாழ்ந்து படுத்திருக்கும், வால் இலைச்சுருளாகும்.