ஒருநாள் மருந்தும் ஆயுட்கால நோயும்: ஊவாத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு பற்றி ஒரு நோக்கு

மலையக மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகிய மூன்றையுமே பற்றி நிற்கின்றனர். இம்மூன்றும் முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மக்களின் உடலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த நோயால் அவர்கள் மாண்டனர், எந்த நோய்க்கு மருந்து கொடுக்கப்பட்டது, எந்த நோய் எவர் கணக்கிலும் வராது போயிற்று என்னும் வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, தோட்டம் என்னும் அமைப்பின் உள்ளியல்பே நமக்குப் புலப்படுகின்றது. இன்று பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளைப் பகுதி லயங்களில் நீரிழிவோடு வாழ்வோர் இருதயநோயால் திடீரென இறப்பதை நாம் காண்கின்றோம். இவ்விறப்புகளிற் பல தடுக்கத்தக்கவை. தடுக்கும் வழியையும் மருத்துவ உலகம் நன்கு அறியும். அவ்வழி பிரட்டுக்களம் வரை ஏன் வந்து சேரவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே கால்நடையாக மலைநாட்டை அடைந்தனர். ஊவாவுக்கு வந்தவர்கள் மேலும் கிழக்கே மலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகப் பலிகொண்டன. வந்து சேர்ந்தவனும் நோயுற்றால் கவனிப்பாரற்றுக் கிடந்தான். இந்நிலை பற்றி எழுந்த கண்டனங்களின் பின்னரே, 1872 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட மாவட்டங்களில் வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் ஏற்படுத்துவதற்கும், அதற்கான செலவைத் தோட்டக்காரரிடமிருந்து பெறுவதற்கும் அச்சட்டம் வழிசெய்தது. 1912 இல் இச்சட்டம் புதுக்கப்பட்டதோடு, தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றியும் தனியே ஒரு சட்டம் வந்தது.

இச்சட்டங்களின் பின்னணியில் இரக்கம் அறவே இல்லை எனக் கூறிவிட முடியாது. ஆனால் இரக்கத்தினும் மேலாகக் கணக்கு இருந்தது. துண்டு முறை நிலவிய காலத்திலே, தொழிலாளி ஒவ்வொருவன் தலையிலும் கடன் எழுதப்பட்டிருந்தது. அவன் இறந்தால் அக்கடனும் இறந்தது. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பது வேறு கதை. தோட்டத்து மருந்துச்சாலை அன்று வேண்டியது ஒன்றே: படுத்தவனை எழுப்பி மீண்டும் மலைக்கு அனுப்புவது. காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றோட்டத்துக்கு ஒரு கலவை, கவ்வாத்துக் கத்தி பட்ட காலுக்குக் கட்டு. மூன்றே நாளில் ஆள் பெயர் போட வேண்டும். இதனையே ஒருநாள் மருந்து என இக்கட்டுரையிற் குறிப்பிடுகின்றேன்.

இவ்வமைப்பு தன் எல்லைக்குள் வெற்றி பெறவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. கொக்கிப்புழு ஒழிப்பு இதற்குச் சிறந்த சான்று. றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் நடைபெற்ற அம்முயற்சியிலே, நோயாளி மருந்தைத் தேடி வரவில்லை. மருந்தே தோட்டம் தோட்டமாகச் சென்றது. பெயர்ப்பட்டியல் ஏற்கனவே இருந்தது, மக்கள் ஓரிடத்திற் கூடினர், மலசலகூடம் கட்டும் பொறுப்புத் தோட்டத்தின்மேற் சுமத்தப்பட்டது. இரத்தமின்றி வெளுத்துச் சோர்ந்த உடல்கள் தேறின. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். மீண்டும் இதற்கு வருவோம்.

நீரிழிவோ இவ்வமைப்புக்கு முற்றிலும் அந்நியமான நோய். சித்த மருத்துவ நூலோர் மதுமேகம் எனப் பண்டே இதனை அறிந்திருந்தனர். கோதல ஹிம்புட்டு என்னும் கொடியின் கட்டையைக் குடைந்த குவளையில் இரவு நீரூற்றி வைத்துக் காலையிற் குடிப்பது இலங்கையில் இன்றும் உள்ள வழக்கம். 1921 இல் ரொரன்ரோ நகரிலே பான்ரிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைக் கண்டறிந்ததோடு, சில வாரங்களில் மாண்டுபோன சிறுவர்கள் உயிர் பிழைத்தனர். அவ்வாறு நீண்ட ஆயுள் கிடைத்த பின்னரே, நீரிழிவின் இன்னொரு முகம் தெளிவாயிற்று. நீரிழிவாளரிற் பெரும்பாலோரைக் கொல்வது குருதியிலுள்ள சீனி நேரடியாக அன்று. இருதயமும் அதன் நாடிகளுமே. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 1948 இல் தொடங்கிய நீண்ட ஆய்வு இவ்வுறவை எண்களாற் காட்டியது.

எவ்வாறு தடுப்பது என்பதற்கு விடை தந்த ஆய்வுகளும் நீண்டவையே. பிரித்தானியாவில் 1977 இல் தொடங்கிய பெரும் ஆய்வொன்றின் முடிவுகள் 1998 இல் வெளிவந்தன. நீரிழிவாளரின் குருதியமுக்கத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது என்பது அதில் முதன்மையான செய்தி. சீனியை மட்டும் பார்த்துக்கொண்டு அமுக்கத்தை விட்டுவிடலாகாது என்பது அதன் பொருள். டென்மார்க்கில் 160 நோயாளரை மட்டும் கொண்டு நடைபெற்ற ஸ்ரெனோ ஆய்வு இன்னும் தெளிவானது. சீனி, அமுக்கம், கொலஸ்திரோல், உணவு, புகைத்தல் என எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்தபோது இருதய, நாடி நோய்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என 2003 இல் அது அறிவித்தது. 21 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அவ்வாறு கவனிக்கப்பட்டோர் ஏறத்தாழ 8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். இங்கே பயன்பட்டவை அரிய மருந்துகள் அல்ல. அமுக்கத்துக்கான மாத்திரைகளும், கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் மாத்திரையும், 1957 முதல் மருத்துவத்தில் வழங்கிவரும் மெற்போமினும் இன்று மலிவானவை. அரிதானது ஒன்றே, அது தொடர்ச்சி.

தொடர்ச்சி ஏன் வேண்டும் என்பதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. நீரிழிவு நரம்புகளையும் பழுதாக்குவதால், இருதயத்தில் அடைப்பு ஏற்படும்போது நெஞ்சுநோவே தோன்றாது போகலாம். மூச்சிரைப்பு, வியர்வை, இனந்தெரியாத சோர்வு, வயிற்றுப் பிரட்டல் ஆகியவையே அறிகுறிகளாக அமையலாம். பதினைந்து இருபது கிலோ கொழுந்தைக் கூடையிற் சுமந்து செங்குத்தான மலையில் ஏறும் ஒரு பெண்ணுக்கு மூச்சிரைத்தால், அதனை நோய் என்று யார் கொள்வர்? அவளே கொள்ள மாட்டாள். வேலைக் களைப்பு என்று எண்ணி ஒரு கோப்பை தேத்தண்ணியோடு படுத்துவிடுவாள். நோவு வந்தால் மட்டுமே மருந்துச்சாலைக்குப் போவது என்ற நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம், நோவே இல்லாமற் கொல்லும் நோயின் முன் தோற்றுப்போகின்றது.

தோட்ட மக்கள் உடலுழைப்பாளர், அவர்களுக்கு இந்நோய்கள் வருவதற்கில்லை என்ற எண்ணம் நீண்டகாலம் நிலவியது. கற்றோரிடையேயும் இதனைக் கேட்டிருக்கிறேன். ஆனால் நம் மக்களோடு ஒரே காலத்திற் கப்பலேறியவர்களின் வரலாறு வேறு கதை சொல்கின்றது. சிங்கப்பூரில் பிரேத பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்த தனராஜ் என்னும் மருத்துவரும் குழுவினரும், அங்கு வாழும் இந்தியரிடையே இருதயநாடி நோய் பிற இனத்தவரைவிட மிகுந்திருப்பதை 1959 இல் எடுத்துக்காட்டினர். கரும்புத் தோட்டக் கூலிகளின் வழித்தோன்றல்கள் வாழும் திரினிடாட்டிலும் 1980களில் இதே முடிவு கிடைத்தது. ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணியின் ஆளாகவும் சென்ற மக்கள் எங்கெங்கு வேரூன்றினரோ அங்கெல்லாம் இந்நோயும் பின்தொடர்ந்திருக்கின்றது.

இதற்கான காரணங்களுள் ஒன்று கருவறையிலேயே தொடங்குகின்றது என்பது பிற்கால ஆய்வுகளின் கருத்து. 1944–45 மாரியில் நாற்சிப் படைகளின் முற்றுகையால் ஒல்லாந்தின் நகரங்களிற் கொடிய பஞ்சம் நிலவியது. அப்போது கருவில் இருந்தோர் ஐம்பது வயதை எட்டியபோது, அவர்கள் உடல் சீனியைக் கையாளும் ஆற்றல் குன்றியிருந்ததை ஆய்வாளர் கண்டனர். நிறைகுறைந்து பிறந்தோருக்கு இருதயநோய் மிகும் என்பதை இங்கிலாந்தில் பார்க்கர் காட்டினார். பூனாவில் யாக்னிக்கின் ஆய்வு, இந்தியக் குழந்தை மெலிந்து பிறப்பினும் உடலிற் கொழுப்பின் பங்கு மிகுந்தே பிறக்கின்றது என்றது.

இவ்விடத்தில் ஊவாவின் 1973–74 ஐ நினையாதிருக்க முடியவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏற, பங்கீட்டு உணவு குறைக்கப்பட, மாவும் அரிசியும் எட்டாப் பொருளாயின. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு நிலமாவது இருந்தது. 1948 இன் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்ட தோட்டத் தொழிலாளிக்கு அதுவுமில்லை. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் கைமாறிய குழப்பமும் அதனோடு சேர்ந்தது. வேலை நாட்கள் சுருங்கின. தோட்டங்களில் இறப்பு வீதம் அவ்வாண்டில் வெகுவாக உயர்ந்தது. பலர் பிழைப்புத் தேடி வன்னிக்கும், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியாவுக்கும் சென்றனர். எஞ்சியவர் வயிற்றில் அன்று இருந்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயது கடந்துவிட்டது. இருதயநோய் வாயிலைத் தட்டும் வயது அது. ஒல்லாந்தின் பஞ்சத்தையும் நமது பஞ்சத்தையும் ஒப்பிடுவது ஓர் ஊகமே. எனினும் வரலாற்று மாணவன் செய்யத்தக்க ஊகம்.

பஞ்சம் கழிந்தபின் வந்த உணவும் உடலுக்குத் துணைநிற்கவில்லை. கோதுமை மா ரொட்டியும், உப்பும் மிளகாயும் இடித்த சம்பலும், கருவாடும், சீனி மிகுந்த தேத்தண்ணியும் லயத்தின் அன்றாட உணவாயின. விடியுமுன் ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகும் பெண்ணுக்குக் காய்கறியும் பருப்பும் சமைக்க நேரமேது? வெற்றிலையோடு புகையிலையும் சேர்ந்தது. ஓய்வுபெற்றவுடன் மலையேற்றம் நிற்கின்றது. உணவு மட்டும் மாறுவதில்லை.

1992 இல் தோட்ட முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கி இன்றுவரை அரைகுறையாகவே நிற்கின்றது. நாட்டின் பொதுச் சுகாதாரத்துறை வெறுமனே இருந்துவிடவில்லை. ஊவாவின் பிபிலை என்னும் ஊர்ப்பெயரைத் தன் பெயரிற் தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலை, அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாகவும் மலிவாகவும் வாங்கும் கொள்கையை வகுத்து, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றக் காரணரானார். அரச வைத்தியசாலையில் மாத்திரை இலவசமாகக் கிடைப்பதும், நாற்பது வயதைக் கடந்தோரைப் பரிசோதிக்கும் நிலையங்கள் 2011 முதல் அமைந்ததும் பெரும் பேறுகள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மாத்திரைத் தட்டுப்பாடு வந்தபோதுதான் அவற்றின் அருமை பலருக்கு விளங்கிற்று.

ஆனால் மாத்திரை இலவசமாயினும் அதைப் பெறும் நாள் இலவசமன்று. என் அப்பாயி பசறைப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். அவருடைய கிளினிக் கொப்பியை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். மாதந்தோறும் இருக்க வேண்டிய பதிவுகளிடையே மூன்று மாத, ஐந்து மாத இடைவெளிகள். அவை எல்லாம் கொழுந்து மிகுந்த காலங்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பெயர் போய்விடும், பஸ் கூலி வேறு. மாத்திரை உறையில் எழுதப்பட்டிருந்தது அவரால் வாசிக்க முடியாத மொழி. "தலை சுத்துனா மட்டும் பிரஷர் குளுசையப் போடுவேன், சும்மா இருக்கையில எதுக்கு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அக்கேள்வியை அறியாமை என்று நான் அன்று சிரித்தேன். இன்று நினைக்கையில், தோட்டத்து மருந்துச்சாலை நான்கு தலைமுறையாகக் கற்பித்த பாடத்தையே அவர் ஒப்புவித்தார் என்று தெரிகின்றது.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன கொக்கிப்புழுவுக்கு இப்போது வருவோம். பெயர்ப்பட்டியலும், மக்கள் காலையிற் கூடும் பிரட்டுக்களமும், மாலையிற் கொழுந்து நிறுக்கும் மடுவமும் இன்றும் உள்ளன. குருதியமுக்கத்தை அளக்க ஐந்து நிமிடம் போதும். விரல் நுனியில் ஒரு துளி குருதியெடுத்துச் சீனி பார்க்க அதனினும் குறைவு. மாதத்தில் ஒருநாள் பொதுச் சுகாதார மருத்துவமாது ஒருவர் மடுவத்தில் அமர்ந்து, தமிழில் எழுதிய கொப்பியிற் பதிந்து, ஒரு மாத மாத்திரையையும் அங்கேயே கொடுத்தால், எவருடைய பெயரும் போகாது. இதற்குத் தோட்ட நிர்வாகம் அரைமணி நேரத்தை விட்டுத்தர வேண்டும். சுகாதாரத் திணைக்களம் மலையேறி வர வேண்டும். கூலி உயர்வுக்காகக் கூட்டு ஒப்பந்தம் பேசிய மேசைகளிலே தொழிற்சங்கங்கள் இந்த அரைமணி நேரத்தை ஒரு கோரிக்கையாக முன்வைக்கலாம். 1916 இல் வெள்ளைத்துரைமார் புழுவுக்காக ஒதுக்கிய நேரம் அதனினும் அதிகம்.