பொய்யிரையும் மெய்யறிவும்
திருகோணமலைத் துறைமுகத் தூண்டில் மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துக் கடற்றொழிலின் வரலாறு பெரும்பாலும் வலையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. கரைவலைக்குப் பாடு உண்டு. பாட்டுக்கு உரிமையும், உரிமைக்கு வழக்கும், வழக்குக்கு ஏடும் உண்டு. சம்மாட்டியின் கணக்கும் அரசாங்கத்தின் வரிப்பதிவும் வலையையே சுற்றிச் சுழன்றன. பாறையொன்றின் மீது தனியே நின்று தூண்டில் எறிபவனுக்கு இத்தகைய பதிவு எதுவும் இல்லை. அவன் பிடித்தது அன்றைய உலைக்கோ மாலைச் சந்தைக்கோ சென்று முடிந்தது. ஆயினும் மீனின் இயல்பை வலைக்காரனினும் நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டியவன் தூண்டிற்காரனே. வலை மீனை வளைக்கின்றது. தூண்டிலோ மீனை இசையச் செய்ய வேண்டியுள்ளது. அவ்வாறு இசையச் செய்யும் கலையில் மிக நுட்பமானது பொய்யிரையாகும். அக்கலை உலகில் வளர்ந்த வகையும், அது திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கு வந்து சேர்ந்தபோது அங்கு ஏற்கெனவே இருந்த அறிவோடு கலந்த வகையும், அந்த அறிவுக்கு நேர்ந்த இடையூறும் இக்கட்டுரையில் நோக்கப்படுகின்றன.

தூண்டில் என்னும் சொல்

‘தூண்டில்’ என்பது ‘தூண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். பிடித்தல், குத்துதல், மாட்டுதல் ஆகிய செயல்களுள் ஒன்றையேனும் அடியாகக் கொள்ளாது, மீனின் உள்ளத்தில் எழும் கிளர்ச்சியை அடியாகக் கொண்டு இக்கருவிக்குத் தமிழர் பெயரிட்டனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதில் வரும் வெற்றிக்கு உவமையாக வருவதும் தூண்டிலே. அங்கு மீன் விழுங்குவதாகக் கூறப்படுவது இரையன்று, தூண்டிலின் பொன். பொன் என்பது பழந்தமிழில் இரும்பையும் குறித்து நின்ற சொல். இரையால் மறைந்த இரும்பையே இரையென எண்ணி மீன் விழுங்குவதாக உரையாசிரியர் பொருள் கொள்வர். உலோகத்தை உணவென மயங்கி மீன் கவ்வும் என்ற இக்கருத்தைப் பொய்யிரைக் கலையின் வித்து எனக் கொள்ளலாம்.

இந்தியப் பெருங்கடலின் வேறு கரைகளில் இவ்வித்து முன்னரே முளைத்திருந்தது. மாலைதீவிலும் மினிக்கோயிலும் சூரை பிடிப்போர் உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் எறிந்து கூட்டத்தை வெறியூட்டிவிட்டு, இரையேதும் கோக்கப்படாத, முள்ளற்ற, பளபளக்கும் தூண்டிலை நீர்மட்டத்தில் வீசுவர். கலங்கிய கூட்டத்துக்கு அந்த மினுக்கமே மீனாகத் தோன்றும். நம் நாட்டுச் சமையலில் நீங்கா இடம்பெற்ற மாசிக்கருவாடு இத்தகைய வெறுந்தூண்டிலின் விளைவே.

துறைமுகமும் அதன் நீரும்

திருகோணமலையின் உட்துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்பது யாவரும் அறிந்ததே. ஆயின் கப்பல் நோக்கில் மட்டுமே அது பேசப்பட்டு வந்துள்ளது. மீன் நோக்கில் அதன் அமைப்பு இன்னும் வியப்புக்குரியது. கொட்டியார விரிகுடாவை அடுத்துத் தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகின்றது. அதே விரிகுடாவில் மூதூருக்கு அண்மையில் மகாவலி கங்கை தன் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றது. மேற்கே தம்பலகாமக் குடா ஆழமற்றதாய், கண்டற் காடு சூழ்ந்ததாய் விரிந்து கிடக்கின்றது. சோபர் தீவு முதலிய சிறுதீவுகளும் செங்குத்தான பாறைக் கரைகளும் இவற்றுக்கிடையே உள்ளன. ஆழ்கடல், ஆற்றுமுகம், களப்பு, பாறை ஆகிய நான்கும் சில மைல்களுக்குள் நெருங்கி அமைந்திருப்பதனால், பாரையும் அறுக்குளாவும் சீலாவும் கலவாயும் கொடுவாவும் ஒரே தோணிக்காரனின் எல்லைக்குள் கிடைக்கின்றன.

இக்கடலை நாடியோரும் பலர். திருகோணமலை நகரத் தமிழரும், கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களும், சோழகக் காற்றால் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வந்து வாடியமைத்துத் தங்கியோரும் இங்குத் தொழில் செய்தனர். கிழக்குக் கரையோர வேடர்களும் மீன்பிடியை மேற்கொண்டிருந்தமையைச் செலிக்மன் தம்பதியர் 1911ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் காட்டுகின்றது. துறைமுகத்தின் மீனறிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய முதுசமன்று என்பது இதனாற் பெறப்படும்.

கொடுவாவின் இயல்பு

பொய்யிரைக்கு ஏற்ற மீன்களுள் தலையாயது கொடுவா. சிங்கள மக்கள் இதனை ‘மோதா’ என்பர். அவுஸ்திரேலியாவில் ‘பரமுண்டி’ என வழங்குவர். ஆங்கிலத்தில் ‘ஆசியக் கடற்பாஸ்’ என்ற பெயரும் உண்டு. அமெரிக்க ஏரிகளில் வாழும் பாஸ் மீனுக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. எனினும் வேட்டை முறையில் இரண்டும் ஒத்தவை. இரண்டும் துரத்திச் செல்வதினும் பதுங்கியிருப்பதையே விரும்புவன. கட்டை, வேர், பாறை ஆகியவற்றின் நிழலில் நின்று, அருகே தடுமாறிச் செல்லும் இரையை வாய் திறந்து நீரோடு உறிஞ்சுவன.

கொடுவாவின் வாழ்க்கை களப்பையும் கடலையும் இணைப்பது. நன்னீரிலும் களப்பிலும் வளரும் மீன், மாரி தொடங்கும் காலத்தில் முட்டையிட ஆற்றுமுகத்தின் உவர்நீரை நாடும். குஞ்சுகள் மீண்டும் களப்புக்குள் புகுந்து வளரும். மற்றுமொரு வியப்பான இயல்பும் இதற்குண்டு. கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறுகின்றது. ஆகவே மிகப் பெரிய மீன்கள் ஏறத்தாழ அனைத்தும் பெண்களே. இவ்வுண்மை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

பொய்யிரையின் பிறப்பு

சுழற்றியிழுக்கும் பொய்யிரை, அதாவது ஆங்கிலத்தில் ‘கிராங்பெயிற்’ எனப்படுவது, அமெரிக்காவிலும் பின்லாந்திலும் உருப்பெற்றது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெடன் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தில் தவளை செதுக்கி மீன் பிடித்தார். அதற்கு முன்னரே, 1852இல், ஜூலியோ பியூல் என்பவர் கரண்டி வடிவான உலோகப் பொய்யிரைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இத்தகைய கருவிகள் இந்திய நீர்களிலும் பயன்பட்டன. சென்னை மாகாணச் சிவில் சேவையைச் சேர்ந்த எச். எஸ். தோமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட தூண்டில் நூல், ஆங்கிலேய அதிகாரிகள் இந்திய ஆறுகளில் மீன்பிடித்த முறையை விரிவாகக் கூறுகின்றது.

எனினும் பெரிய திருப்பம் ஏழைத் தொழிலாளி ஒருவரின் கூர்ந்த நோக்கினால் விளைந்தது. பின்லாந்து நாட்டு லாவுரி ராப்பலா, மீன் பிடித்து விற்று வாழ்ந்தவர். சிறுமீன் கூட்டத்துள் புகும் வேட்டை மீன், நேராக நீந்தும் மீன்களை விட்டு, சற்றே தள்ளாடி நீந்தும் ஒன்றையே தாக்குவதை அவர் கண்டார். 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளால் போர்த்தி, உருக்கிய ஒளிப்படச் சுருளைப் பூச்சாகத் தடவி, அத்தள்ளாட்டத்தைச் செயற்கையாக உண்டாக்கினார். அவருக்கு வேண்டியிருந்தது விளையாட்டன்று. இரை தேடும் செலவும் நேரமும் இன்றிக் கூடுதலான மீன். 1962இல் அமெரிக்கச் சஞ்சிகையான ‘லைஃப்’ அவரது பொய்யிரையைப் பற்றி எழுதியதன் பின்னரே அது உலகப் புகழ் பெற்றது. 1970களில் பருத்த உடலும் அகன்ற நாக்குத் தகடும் கொண்ட பிளாஸ்ரிக் வகைகள் அமெரிக்காவில் பெருகின.

இக்கருவியின் இயக்கம் எளிது. மிதக்கும் உடலின் முன்புறத்தில் சரிவாக ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். இழுக்கும்போது நீர் அத்தகட்டை அழுத்துவதால் பொய்யிரை கீழ்நோக்கி இறங்கும். நீர் தகட்டின் இருமருங்கும் மாறி மாறி வழிவதால் உடல் இடமும் வலமும் ஆடும். தகடு நீண்டதாயின் ஆழம் மிகும். குறுகியதாயின் மேல்மட்டத்தில் ஓடும். இழுப்பை நிறுத்தினால் அது மெல்ல மேலெழும். அந்த ஆட்டத்தின் அதிர்வை மீன் கண்ணால் மட்டுமன்றித் தன் பக்கக்கோட்டு உறுப்பாலும் உணர்கின்றது. ஆகவே கலங்கல் நீரிலும் பொய்யிரை பயன்படும்.

துணைக்கருவிகள் இரண்டும் இருபதாம் நூற்றாண்டின் பேறுகள். 1905இல் ஆல்பிரட் இல்லிங்வேர்த் என்னும் ஆங்கில நெசவாலையாளர், நூற்கண்டிலிருந்து நூல் கழலும் வகையைக் கண்டு நிலைச்சுருள் உருளையை அமைத்தார். 1938இல் நைலோன் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதனாலான தூண்டில் நூலும் வெளிவந்தது. ஈழத்தில் ‘தங்கூசி’ எனப் பெயர் பெற்ற இந்நூல், பருத்தி நூலையும் சணலையும் விலக்கித் தூண்டிற்காரனின் கையில் இடம்பிடித்தது.

கற்கும் வகை

புதிய பொய்யிரையைக் கையிலெடுக்கும் இளைஞன் முதலிற் செய்யும் பிழை, ஓயாது விரைந்து சுழற்றுவதாகும். பாறையைத் தொடுமோ, இரை சிக்கி அறுமோ என்ற அச்சத்தால் அவன் வெற்று நீரில் இழுப்பான். மீனோ பாறையின் அருகேதான் நிற்கும். தகடு கல்லில் தட்டி, பொய்யிரை திடுக்கிட்டு விலகி, ஒரு கணம் நின்று மேலெழும் அத்தறுவாயிலேயே கொடுவா கவ்வும். காயமுற்ற மணலைக் குஞ்சு அவ்வாறுதான் நடந்துகொள்ளும். எனவே கற்க வேண்டியது சுழற்றுதலை அன்று; நிறுத்துதலை.

இதற்கு அடுத்த படியில் கருவி உதவாது. எப்போது, எங்கே எறிவது என்பதைப் பெட்டியின் மேலுள்ள குறிப்பு கூறாது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகையால் நீரோட்டத்தின் திருப்பத்தைப் பழகிய கண்ணே காணும். வாடைக்கால மழையில் களப்பு நீர் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு பாயும்போது, மண்ணிற நீரும் நீலநீரும் சந்திக்கும் கோட்டில் சிறுமீன் திரளும் என்பதும், கச்சான் வீசும் மாதங்களில் விடியற்பொழுதின் அமைதி நெடுநேரம் நில்லாது என்பதும், கடற்பறவை வட்டமிடுவதற்கும் நேரே பாய்வதற்கும் பொருள் வேறு என்பதும் வீச்சுவலைக்காரனும் கைத்தூண்டிற்காரனும் தலைமுறையாக அறிந்தவை. வெளிநாட்டுப் பொய்யிரை இவ்வறிவுக்கு ஒரு புதிய வடிவம் தந்ததேயன்றி, இவ்வறிவைத் தரவில்லை. பொய்யிரை பொய், அதை இயக்கும் அறிவு மெய்.

அறுந்த நூல்

மெய்யறிவு ஏட்டில் இல்லாதபோது, அது தந்தையின் தோணியில் மகன் ஏறுவதாலேயே கைமாறும். இத்துறைமுகத்தில் அந்த ஏற்றம் அடிக்கடி தடைப்பட்டது. பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த காலத்தில் உட்துறைமுகத்தின் முதன்மை போர்க்கப்பலுக்கே உரியதாயிற்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. 1957இல் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் கடல் மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இருந்தது. நேரக் கட்டுப்பாடு, இரவுத் தொழில் தடை, பாதுகாப்பு வலயம், இடப்பெயர்வு ஆகியன கரைவாழ்வின் அன்றாடச் சொற்களாயின. இடையே 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை தோணிகளையும் மாந்தரையும் கொண்டு சென்றது. இரவில் கடலுக்குச் செல்லாத மகனுக்கு இரவுக் கடலின் பாடத்தை எவராலும் கற்பிக்க இயலாது.

இவ்விடைவெளியின் ஆபத்தை உணர்வதற்கு, கிழக்குக் கரையில் வேரூன்றிய வெடிவைத்து மீன்பிடித்தலை நோக்குதல் வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் இதனைத் தடைசெய்கின்றது. ஆயினும் அது முற்றாக ஒழியவில்லை. வெடி வைப்பவன் மீன் கூட்டம் நிற்கும் இடத்தை மட்டும் அறிந்தாற் போதும். அது எதை உண்கின்றது, எப்போது முட்டையிடுகின்றது, எந்நிழலில் பதுங்குகின்றது என்ற எதுவும் அவனுக்கு வேண்டியதில்லை. குஞ்சும் தாயும் பவளப்பாறையும் ஒருங்கே அழியும். கொல்லப்பட்டவற்றுள் ஒரு பகுதி அடியில் மூழ்கி எவருக்கும் பயனின்றிப் போகும். அறிவைத் தேவையற்றதாக்கும் தொழில்முறை, அவ்வறிவை உண்டாக்கிய கடலையும் தேவையற்றதாக்கிவிடுகின்றது.

போர் ஓய்ந்தபின் கிழக்குக் கரைக்கு உல்லாசப் பயணிகள் திரும்பினர். அவர்களோடு எறிகோலும் பொய்யிரையும் வந்தன. உள்ளூர் இளைஞர் சிலர் தோணியோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் அதனைப் பழகினர். இதனைச் செல்வர் விளையாட்டென ஒதுக்குதல் எளிது. அவ்வொதுக்கலில் ஓரளவு நியாயமும் உண்டு. பொய்யிரை ஊருக்குச் சோறு போடாது. ஒரு நாள் வலைப்பாட்டுக்கு அது ஈடாகாது. ஆயினும் அதற்கொரு தனிச்சிறப்பு உள்ளது. பிடிபட்ட மீனை உயிரோடு பார்த்து, வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்யும் வாய்ப்பை அது தருகின்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலக் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவை மட்டுமன்றி, 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் மீண்டும் நீரில் விடல் வேண்டும் என்பது விதி. சிறியது வளர வேண்டும். பெரியது முட்டையிட வேண்டும். ஆண் பெண்ணாக மாறும் மீனின் இயல்பை அறிந்தோர் வகுத்த விதி அது. வெடிக்கு இத்தகைய விதி எதுவும் பொருந்தாது.

திருகோணமலையின் தூண்டில் மரபு அரும்பொருட்சாலையில் வைக்கத்தக்க பழம்பொருளன்று. முகத்துவாரம் உடையும் நாளையும், நீர்க்கோட்டின் நிறத்தையும், கொடுவா பதுங்கும் கல்லையும் அறிந்த முதியோர் சிலர் கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரக் கரையிலும் இன்னும் உளர். மொழி, சமய வேறுபாடின்றி அவர்தம் அறிவைத் திரட்டிப் பதிவு செய்தல் வரலாற்று மாணவர்க்கும் உயிரியல் மாணவர்க்கும் பொதுவான கடமையாகும். பொய்யிரையைக் கடையில் வாங்கலாம். அதனை எங்கே எறிவது என்பதை அம்முதியோரிடமன்றி வேறெங்கும் பெற இயலாது.