பாம்பு போல நீண்ட தொகுதி: வட கரோலினாவின் 12-ஆம் தொகுதி

அமெரிக்காவின் தொகுதி எல்லைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வரும் பெயர் வட கரோலினா மாநிலத்தின் 12-ஆம் தொகுதி. 1992-இல் உருவான இந்தத் தொகுதி 2017-க்குள் ஐந்து முறை உச்ச நீதிமன்றத்தின் படி ஏறிவிட்டது. ஒரு தொகுதிக்கு ஏன் இத்தனை சண்டை? அதன் கதையைத் தெரிந்துகொண்டால் அமெரிக்க ஜனநாயகத்தின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை விஷயம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அந்த இடங்கள் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். மாநிலத்துக்குள் எல்லைக் கோடு போடுவது பெரும்பாலும் மாநில சட்டமன்றத்தின் வேலை. வட கரோலினாவில் ஆளுநரால்கூட அதைத் தடுக்க முடியாது. அதாவது, எந்தக் கட்சி சட்டமன்றத்தைப் பிடிக்கிறதோ, பேனாவும் அதன் கையில்தான். கட்சிக்கு ஏற்றபடி தொகுதியை வளைத்து வரையும் இந்த வித்தைக்கு "ஜெர்ரிமாண்டரிங்" என்று பெயர். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் பெயரும், அங்கு வரையப்பட்ட ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போல இருந்ததும் சேர்ந்து உண்டான சொல் இது.

91 வருட இடைவெளி

உள்நாட்டுப் போருக்குப் பிறகு வட கரோலினாவிலிருந்து கறுப்பினத்தவர் சிலர் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார்கள். அவர்களில் கடைசியானவர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்ற வழக்கறிஞர். 1896, 1898 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் வென்றவர். அந்த 1898-இல்தான் வில்மிங்டன் நகரில் வெள்ளை இனவாதிகள் ஆயுதங்களுடன் புகுந்து, பலரைக் கொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட நகர அரசைக் கவிழ்த்தார்கள். 1900-இல் மாநிலம் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமையைப் பறித்தது. ஒயிட் அந்த ஆண்டு போட்டியிடவே இல்லை. 1901-இல் அவர் சபையை விட்டு வெளியேறியபோது அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட மிச்சமில்லை.

வட கரோலினாவில் அந்த நிலை 1992 வரை நீடித்தது. மாநிலத்தில் ஓட்டுப் போடும் வயதினரில் சுமார் 20 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஆனாலும் எந்தத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. வெள்ளையர்களில் பெரும்பாலோர் கறுப்பின வேட்பாளருக்கு ஓட்டுப் போடாத காலத்தில், 20 சதவீதம் என்பது பூஜ்யம்தான்.

நெடுஞ்சாலைத் தொகுதி

1990 கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு 12-ஆவதாக ஓர் இடம் கிடைத்தது. அப்போது சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். கறுப்பினப் பெரும்பான்மையுள்ள ஒரே ஒரு தொகுதியை வரைந்து அனுப்பினார்கள். 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டப்படி மத்திய நீதித்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி அப்போது தேவைப்பட்டது. இன்னொரு தொகுதியும் வரைய முடியுமே என்று அமைச்சகம் திருப்பி அனுப்பிவிட்டது. மாநிலத்தின் தெற்கு, தென்கிழக்குப் பக்கம் அதற்கு வழி இருந்தது. ஆனால் அங்கே வரைந்தால் பதவியில் இருந்த சொந்தக் கட்சிக்காரர்களின் தொகுதிகள் அடிபடும். அதனால் வடக்கு மத்தியப் பகுதியில், 85-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, சார்லட்டிலிருந்து டர்ஹாம் வரை சுமார் 160 மைல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தார்கள். சில இடங்களில் அதன் அகலம் அந்தச் சாலையின் அகலம்தான்! காரின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் தொகுதி மக்களில் பெரும்பாலோர் அடிபடுவார்கள் என்று அரசியல்வாதிகளே கிண்டல் செய்தார்கள்.

கிண்டல் ஒரு பக்கம். பலன் இன்னொரு பக்கம். 1992 தேர்தலில் 12-ஆம் தொகுதியில் மெல் வாட், 1-ஆம் தொகுதியில் ஈவா கிளேட்டன் என்று இரண்டு கறுப்பினப் பிரதிநிதிகள் வென்றார்கள். ஒயிட் வெளியேறி 91 வருடம் ஆகியிருந்தது.

இனமா, கட்சியா?

டர்ஹாமைச் சேர்ந்த ஐந்து பேர் வழக்குப் போட்டார்கள். 1993-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில், இனத்தை மட்டுமே வைத்து இப்படி விநோதமாகத் தொகுதி வரைவதை எதிர்த்து வழக்குத் தொடரலாம் என்றது. 1996-இல் தொகுதியே செல்லாது என்று தீர்ப்பானது. 1997-இல் சட்டமன்றம் நீளத்தைக் குறைத்து வேறு மாதிரி வரைந்தது. மறுபடியும் வழக்கு. இந்தத் தடவை மாநிலத்தின் பதில் வேறு: "நாங்கள் இனம் பார்க்கவில்லை, எங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களைத்தான் சேர்த்தோம்." கறுப்பின வாக்காளர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டு வந்ததால் இரண்டையும் பிரிப்பது கடினம். 2001-இல் நீதிமன்றம், மீண்டும் 5-4 கணக்கில், அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டது.

இதே பதிலைப் பத்து வருடம் கழித்து எதிர்த்தரப்பு கையில் எடுத்தது. 2010-இல் குடியரசுக் கட்சி 1870-க்குப் பிறகு முதல் முறையாக மாநிலத்தின் இரு அவைகளையும் பிடித்தது. முந்தைய ஐந்து தேர்தல்களிலும் வாட் 64 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்கி வந்தவர். அவருக்கு உதவி தேவையே இல்லை. ஆனாலும் 2011-இல் தொகுதியின் வாக்காளர் வயதினரில் கறுப்பினத்தவர் பங்கை 43.8 சதவீதத்திலிருந்து 50.7 சதவீதமாக உயர்த்தினார்கள். எதற்கு? ஒரே தொகுதியில் அடைத்துவிட்டால் பக்கத்துத் தொகுதிகளில் அந்த ஓட்டுகள் இருக்காது அல்லவா? கதவு திறப்பதற்காகக் கட்டிய தொகுதி, ஓட்டுகளைப் பூட்டி வைக்கும் அறையாகிவிட்டது. 2012-இல் மாநிலம் முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கே அதிக ஓட்டு. கிடைத்ததோ 13 இடங்களில் நான்கு.

2017-இல் உச்ச நீதிமன்றம் இந்த எல்லைகளை இன அடிப்படையிலானவை என்று ரத்து செய்தது. அதற்கு முன்பே, கீழ் நீதிமன்றத் தீர்ப்பால், 2016-இல் தொகுதி சார்லட் நகரைச் சுற்றிய மெக்லன்பர்க் கவுண்டிக்குள் சுருங்கிவிட்டது. பாம்பு உருவம் போய்விட்டது. 2014-இல் வாட்டுக்குப் பின் வந்த கறுப்பினப் பிரதிநிதி ஆல்மா ஆடம்ஸ், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இல்லாத இந்தப் புதிய எல்லைக்குள்ளும் 2024 வரை நடந்த எல்லாத் தேர்தல்களிலும் வென்றார்.

உருவம் அழகானால் நியாயம் வந்துவிடுமா?

இல்லை என்பதுதான் பதில். 2019-இல், வட கரோலினாவின் இன்னொரு வழக்கில், கட்சி ஆதாயத்துக்காக வரைவதை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022-இல் நீதிமன்றம் வரையவைத்த எல்லைகளில் இரு கட்சிகளும் 7-7 என்று வென்றன. 2023-இல் சட்டமன்றம் மறுபடி வரைந்தது. 2024-இல் முடிவு குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 4. மாநிலம் அதேதான். இரண்டு வருடத்தில் மக்கள் அப்படியொன்றும் மனம் மாறிவிடவில்லை, மாறியது கோடுகள்தான்.

இனத்தைப் பார்த்து வரைந்தோம் என்றால் தொகுதி ரத்தாகும். கட்சியைப் பார்த்து வரைந்தோம் என்றால் தப்பிக்கும். இரண்டும் ஒரே மக்களைக் குறிக்கும் மாநிலத்தில் இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை வித்தியாசம்தான். 12-ஆம் தொகுதியின் நீண்ட வழக்கு வரலாறு சொல்வது இதைத்தான். தேர்தலில் மக்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று படிக்கிறோம். பேனா பிரதிநிதிகள் கையிலேயே இருக்கும்வரை, அவர்கள்தான் முதலில் மக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.