திருகோணமலை என்னும் போர்க்கப்பல்

பாய்க்கப்பற் காலத்திலே காங்கேசன்துறைக் கரையை நாடியவை பெரும்பாலும் வணிகத் தோணிகளே. ஆழமும் காப்பும் மிக்க திருகோணமலையையோ ஐரோப்பிய வல்லரசுகள் ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்துக்கொண்டன. 1782ஆம் ஆண்டில் மாத்திரம் அது ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரிடமும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரரிடமும் சென்றது. 1795இல் ஆங்கிலேயர் அதனை மீண்டும் கைப்பற்றினர்.

அப்பெயர் தாங்கிய ‘பிரிகேற்’ வகைப் போர்க்கப்பலொன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கின்றது. நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது. ஆயினும் அதனைக் கட்டிய கைகள் எவருடையவை?

பம்பாயிலே, ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் பார்சித் தலைமைத் தச்சரின் கீழ் 1816இல் அதன் ஏராக்கட்டை இடப்பட்டது. 1817 ஒக்டோபர் 12இல் கப்பல் நீரில் இறங்கியது. கண்டி இராச்சியம் வீழ்ந்து அப்போது இரண்டே ஆண்டுகள். நெப்போலியப் போர்கள் இங்கிலாந்தின் ஓக்கு மரங்களைத் தின்று தீர்த்திருந்தமையால் மலபார்த் தேக்கு வெட்டப்பட்டது. ஓக்கின் புளிப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ அதனைக் காக்கும். அக்கப்பலின் நெடுவாழ்வுக்கு ஒரு காரணம் இம்மரமே.

வடிவமும் இரவல்தான். 1782இல் ஆங்கிலேயர் பிடித்த ‘ஈபே’ என்னும் பிரெஞ்சுக் கப்பலைத் தழுவியது அது. பம்பாய்க்கு அனுப்பிய வரைபடங்கள் ‘ஜாவா’ என்ற கப்பலோடு 1812 டிசம்பரில் பிரேசில் கடலில் அமெரிக்கரால் அழிந்துபோக, மீண்டும் அனுப்ப நேர்ந்தது.

அணிவகுத்துப் போரிடும் பெருங்கப்பல்களுக்கு இரண்டு மூன்று பீரங்கித் தளங்கள். பிரிகேற்றுக்கு முழுமையான தளம் ஒன்றே. பாரம் குறைவு, வேகம் மிகுதி. வேவு பார்க்கவும், வணிகக் கப்பல்களைக் காக்கவும், பகைவர் வாணிகத்தைக் குலைக்கவும் அது உகந்தது. குடியேற்ற நாடுகளின் செல்வத்தைக் கடல் கடத்திய ஆட்சிக்கு இதனிலும் ஏற்ற கருவி ஏது?

ஆனால் 1819இல் போட்ஸ்மவுத்தை அடைந்தபோது போர் முடிந்திருந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அது வாளாவிருந்தது. பின்னர் பீரங்கிகள் 26ஆகக் குறைக்கப்பட்டு, 1847 முதல் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் பசிபிக்கிலும் பணியாற்றியது. 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, மீட்கப்பட்டு, ‘பூத்ரோயான்’ என்ற புதுப்பெயரோடு சிறுவர் பயிற்சிக் கப்பலாயிற்று.

வாடியாவின் பெயராவது ஏட்டில் நிலைத்தது. தேக்கு வெட்டியவனுக்கும் இழைத்தவனுக்கும் அதுவும் இல்லை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே வல்வெட்டித்துறையில் நம் ஓடாவிமார் கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரரைச் சென்றடைந்தது. வாங்கிய அமெரிக்கர் அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். ஹார்ட்டில்பூல்க் கப்பலுக்கோ பழைய பெயர் 1992இல் திரும்பக் கிடைத்தது.