சேரியின் நடுவில் ஒரு வேதக்கோயில்

பழைய வடஆற்காட்டு மாவட்டத்தின் கிராமங்களில் கிறிஸ்தவ ஆலயத்தை மக்கள் வேதக்கோயில் என்பார்கள். ஆம்பூர், குடியாத்தம், வேலூர் சுற்றுவட்டாரத்தில் இந்தக் கோயில்கள் பெரும்பாலும் ஊருக்குள் இல்லை, சேரிக்குள் இருக்கின்றன. கடற்கரைச் சிற்றூர்களைப் போல வானை முட்டும் கோபுரம் இங்கே அரிது. ஓட்டுக்கூரையோ தளமோ போட்ட ஓர் அறை, சிறிய சிலுவை, ஒரு மணி; பல இடங்களில் அவ்வளவுதான். அந்த அறை எப்படி வந்தது, அதற்குள் என்னென்ன நடந்தன என்பதே இந்தப் பகுதியின் சபை வரலாறு.

ஆற்காட்டு மிஷன் 1853-ல் தொடங்கியது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் என்ற ஸ்கடர் சகோதரர்கள் மூவர் அதை நிறுவினார்கள். 1819-லேயே இலங்கைக்கு வந்து மருத்துவ ஊழியம் செய்த ஜான் ஸ்கடரின் மகன்கள் அவர்கள். ஆங்கிலப் பள்ளிகள் நடத்தி மேல்தட்டினரை ஈர்ப்பதைவிட, கிராமம் கிராமமாகப் போய்த் தமிழில் பிரசங்கிப்பதையே அவர்கள் முதன்மையாக வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1856 ஜூலையில், சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. பிறகு அந்தப் பாதை பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது. தோல் வணிகம் வளர்ந்ததும் அந்தத் தடத்தில்தான்.

தெற்கே சேத்துப்பட்டில் கத்தோலிக்க மறைபணி வேரூன்றியது. அங்கே உழைத்த பிரெஞ்சுக் குரு தார்ராஸ் அடிகளைச் சுற்றி 1876–78 தாதுவருஷப் பஞ்சத்தின் காலத்திலும் அதன் பின்னும் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆம்பூர்ப் பக்கம் வந்தவர்கள் லுத்தரன்கள். ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து கொள்கை வேறுபாட்டால் விலகிய தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் இருவரையும் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை தன் முதல் வெளிநாட்டு மிஷனரிகளாக அனுப்பியது. 1895-ல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அவர்களது வேலை சில ஆண்டுகளிலேயே ஆம்பூரையும் எட்டியது. நேதர் 1904-ல் கொள்ளைநோயால் கிருஷ்ணகிரியிலேயே இறந்தார்.

மிஷன் எதுவானாலும் ஒரு கிராமத்தில் சபை உருவாகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். தனி ஆள் மதம் மாறியது குறைவு. சேரியின் பெரியவர்கள் கூடிப் பேசி, சில குடும்பங்கள் சேர்ந்து மிஷனரியிடம் போவார்கள். ஆற்காட்டு மிஷன் சில நிபந்தனைகள் வைத்தது: விக்கிரக வழிபாட்டை விட வேண்டும், ஓய்வுநாளை ஆசரிக்க வேண்டும், செத்த மாட்டின் கறியை உண்ணக்கூடாது. கடைசி நிபந்தனை சாப்பாட்டோடு நிற்கவில்லை. ஊரில் மாடு செத்தால் தூக்கிப்போவதும் தோலை உரிப்பதும் சாவுக்குப் பறை அடிப்பதும் சேரிக்கு விதிக்கப்பட்ட ஊர்க்கடமைகள். செத்த மாட்டின் கறி அந்தக் கடமைக்குக் கிடைத்த கூலியின் ஒரு பகுதி. அதை மறுப்பது நிலக்காரரோடு இருந்த ஏற்பாட்டையே கேள்வி கேட்பதாகும். இந்த நிபந்தனையைச் சுகாதார விதி என்று மட்டும் படிக்கும் வரலாறு பாதி வரலாறுதான்.

குடும்பங்கள் ஒப்புக்கொண்டதும் மிஷன் ஓர் உபதேசியாரை அனுப்பும். கிராமச் சபையின் அச்சாணி இவர்தான். ஐயர் என்று அழைக்கப்பட்ட போதகர் பல ஊர்களைச் சேர்த்த ஒரு பெரிய சேகரத்தைப் பார்க்க வேண்டியவர். மாட்டு வண்டியிலோ குதிரையிலோ எப்போதாவது வந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊரோடு இருந்தவர் உபதேசியார். காலையில் அவரே வாத்தியார், மாலையில் அவரே ஜெபம் நடத்துபவர், இடையில் மனு எழுதுபவர், கடிதம் படித்துச் சொல்பவர், புருஷன் பெண்சாதி சண்டைக்குப் பஞ்சாயத்துச் செய்பவர். அவர் மனைவி பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக் கொடுத்த ஊர்களும் உண்டு.

அவருக்காகக் கட்டப்பட்ட அறை மண்சுவரும் கூரையுமாக இருந்தது. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறன்று கோயில். ஒரே தரையில் திங்களன்று பிள்ளைகள் மணலில் விரலால் அ, ஆ எழுதினார்கள்; ஞாயிறன்று அவர்களின் தாய் தகப்பன் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெண்கல மணி வாங்க முடியாத ஊரில் ஒரு தண்டவாளத் துண்டு கயிற்றில் தொங்கும். அதைத் தட்டினால் வயல்வரை கேட்கும். சேரிப் பிள்ளைகளை ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட உட்காரவிடாத காலம் அது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு 1939-ல்தான் சட்டம் வந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சேரி மக்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொதுக் கட்டடம் இருந்தது. சபை கொடுத்த எல்லாவற்றிலும் பெரியது இதுவே.

நிலம், கல்வி பற்றிய கோரிக்கைகளும் இந்த வலைப்பின்னல் வழியாகவே மேலே போயின. பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மிஷனரிகள் எழுப்பிய குரலும் ஆட்சியர் டிரமன்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையும் சேர்ந்து, மறு ஆண்டு அரசை அசைத்தன. பஞ்சமி நிலம் என்று இன்றும் பேசப்படும், சேரி மக்களுக்கான நில ஒதுக்கீட்டின் தொடக்கம் அது.

சபையின் வருமானம் சிறியது. பெண்கள் ஒவ்வொரு உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. முதல் நெல், கேழ்வரகு, பூசணி, வாழைத்தார், கால் கட்டிய கோழி, முட்டை என்று காணிக்கை பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். நான்கணா பெறாத முட்டையை ஒருவர் ஒரு ரூபாய்க்கு எடுத்து, மறுபடி சபைக்கே கொடுப்பார். அது மறுபடி ஏலம் போகும். இந்தப் பணமும் அரிசியும் சேர்ந்தே விளக்கெண்ணெய்க்கும் கூரை மாற்றவும் உபதேசியாரின் சம்பளத்துக்கும் உதவின. கிறிஸ்துமஸ் முன்னிரவுகளில் வீட்டுக்கு வீடு பஜனை போகும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் டோலக்கோடும் ஜால்ராவோடும் சேரித் தெருக்களில் ஒலித்தன. எழுத்துத் தெரியாத பாட்டிமார்கூட அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

சாதி இந்தக் கோயில்களைவிட்டுப் போய்விடவில்லை. ஆற்காட்டு மிஷன் சாதி அனுசரிப்பை ஏற்கவில்லை. ஆனால் சபை முழுவதும் ஒரே சாதியாகவும் கோயில் சேரியிலேயும் இருந்தபோது அந்த விதி சோதிக்கப்படவே இல்லை. ஊர்க்காரர் வேதக்கோயிலுக்கு வந்து உட்காரவில்லை.

நிர்வாகம் மெல்ல உள்ளூர்க் கைக்கு வந்தது. ஆற்காட்டுச் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தன. வேலூர்ப் பேராயம் 1976-ல் தனியாக அமைந்தது. மிசௌரி மிஷனின் சபைகள் 1958-ல் இந்தியச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாயின. அதன் நிர்வாகப் பிரிவுகளான மூன்று சினாடுகளில் ஒன்று ஆம்பூர் பெயரில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் இந்தச் சேரிக் கிறிஸ்தவர்கள் ஒரு விலையும் கொடுத்தார்கள். 1950-ம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. அதே சேரி, அதே தீண்டாமை. ஞானஸ்நானச் சீட்டு மட்டும் வேறு. இது அநீதி என்பதில் ஐயமில்லை.

பிழைப்பும் மாறியது. 1972-ல், தோல் தொழில் பற்றிய சீதாராமையா குழு அறிக்கைக்குப் பின், பதனிடாத, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. சுற்றுக் கிராமங்களின் பெண்கள் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். காணிக்கைப் பையில் கைப்பிடி அரிசி குறைந்து சம்பளத்தின் நோட்டு வந்தது. மண்சுவர் இடிந்து சிமெண்ட் எழும்பியது. மாலை ஜெபம் பல ஊர்களில் ஞாயிறு ஆராதனையாகச் சுருங்கியது.

இன்னும் மிஞ்சியிருப்பவற்றுள் அதிக மதிப்புள்ளவை கோயில் அலமாரியில் உள்ள ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள். பட்டாவிலும் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒரு மக்களின் கொள்ளுப்பாட்டன், கொள்ளுப்பாட்டி பெயர்கள் தேதியோடு எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அவற்றில் மட்டும்தான். கறையானும் மழை ஒழுக்கும் அவற்றை ஆண்டுதோறும் தின்கின்றன. ஒவ்வொரு சபையும் தன் பழைய பதிவேட்டை இப்போதே ஒளிப்படம் எடுத்து வைக்க வேண்டும்; ஒரு கைபேசி போதும்.