யாழ்ப்பாணக் குடாநாட்டில் முதியோர் பராமரிப்பும் உள்ளூராட்சி நிதியும்

ஆதரவற்ற முதியோரையும் உழைக்க இயலாதோரையும் பராமரிக்கும் செலவு யாருடையது என்ற வழக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் நூறாண்டுக்கும் மேலாகத் தீராமல் இருக்கிறது. மாநகர சபை ஒன்று, நகர சபைகள் மூன்று, பிரதேச சபைகள் பதின்மூன்று என இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. வாசலுக்கு மிக அருகில் இருப்பவை இவைதான். ஆனால் பராமரிப்புக்கான அரச பணம் இவற்றின் வழியே வருவதில்லை.

பழைய ஏற்பாடு குடும்பமும் காணியும் சார்ந்தது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமை, பெற்றோரின் கடனைப் பிள்ளைகளின் பொறுப்பில் வைத்தது. மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதும்போது தமக்குச் ‘சீவிய உரித்து’ வைத்து உறுதி முடிப்பது இன்றும் உள்ள வழக்கம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கலாம் என்ற அந்த ஒரு வரிதான் பலருக்கு முதுமைக் காப்புறுதி. காணியில்லாதவருக்கு அதுவும் இல்லை.

அவர்களுக்காக ஆங்கிலேயர் காலத்தில் ‘பிரண்ட் இன் நீட்’ சங்கம் நன்கொடை திரட்டியது. அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியில் 1850-இல் எழுந்த அதன் மருத்துவமனையை 1907-இல் அரசு ஏற்றது. அதுவே இன்றைய யாழ். போதனா வைத்தியசாலை. நோயாளி அரசின் பொறுப்பானார். நோயில்லாமல் ஒடுங்கிக் கிடந்த கிழவர் தருமத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டார்.

திருப்புமுனையாக வந்திருக்க வேண்டியது 1939-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வறியோர் கட்டளைச் சட்டம். வறியோர் நிவாரணம் உள்ளூராட்சி மன்றத்தின் கடமை என்றது அது. இங்கிலாந்தின் பழைய வறியோர் சட்டத்தை ஒட்டியது. அந்த மூலச் சட்டத்தை இங்கிலாந்தே 1948-இல் கைவிட்டது. இலங்கையில் இது கொழும்பு, கண்டி, காலி மாநகர சபைகளில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாணம் 1949-இல் மாநகர சபையானபோதும் இந்தக் கடமை அதனிடம் வரவில்லை. கடமையோடு செலவும் வரும் என்பதால் சபைகளும் அதைக் கேட்டு மல்லுக்கட்டியிருக்கும் என்று நம்புவதற்கில்லை.

மற்ற இடங்களில் பொதுசன உதவிப்பணம் கச்சேரி வழியாகவே போனது. விதானையார் விசாரித்து எழுத, காரியாதிகாரி சிபாரிசு செய்ய, சிறுதொகை கைக்கு வரும். ஊரில் அதன் பெயர் ‘பிச்சைச் சம்பளம்’. விதானையார் போய்க் கிராம அலுவலர் வந்தார், பாதை மாறவில்லை.

1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் சமூக சேவையை மாகாண சபைக்கு ஒதுக்கியது. அதே ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் வறியோருக்கு உதவும் அதிகாரத்தைச் சபைகளுக்கும் தந்தது. அதிகாரம் வந்தது, பணம் வரவில்லை. சோலைவரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம் ஆகியவை வீதிக்கும் விளக்குக்கும் குப்பைக்குமே போதாது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணத்தைச் சுற்றித்தான் வந்து சேரும். போரும் இடப்பெயர்வும் பிள்ளைகளை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோன பிறகு தனித்த முதியோர் பெருகினர். அந்தச் சுமையைக் கோயில்களும் திருச்சபைகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் இல்லங்கள் பகிர்ந்துகொண்டன. அரச தரப்பில் கைதடி முதியோர் இல்லம் மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் கீழ் இயங்குகிறது.

2013 அக்டோபரில் வட மாகாண சபை கூடியதும் அதே கைதடியில்தான். சி. வி. விக்னேஸ்வரன் தலைமையிலான சபை, புலம்பெயர்ந்தோரின் பணத்தைப் பெற்று நலிந்தோருக்குச் செலவிட முதலமைச்சர் நிதியம் ஒன்றை நாடியது. அதற்கான நியதிச் சட்டம் ஆளுநரின் ஒப்புதல் கிடைக்காமல் தேங்கியது. வெளிநாட்டுப் பணம் மாகாணத்தின் கைக்கு நேரே வருவதைக் கொழும்பு விரும்பவில்லை என்பது சபையின் குற்றச்சாட்டு. குடாநாட்டின் பராமரிப்பு நிதி வழக்கில் மிக வெளிப்படையாக நடந்த மோதல் இதுவே.

யாழ். மாநகர சபையில் பாதீடு தோற்ற சம்பவங்கள் வேறு வகை. 2020 டிசம்பரில் பாதீடு தோற்று மேயர் ஆனல்ட் பதவியிழந்தார், மணிவண்ணன் மேயரானார். போட்டி நாற்காலிக்கானது, முதியோருக்கான ஒதுக்கீட்டுக்கானது அல்ல.

இடையில் மத்திய அரசு தனிவழி அமைத்தது. 2000-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டு, அந்தச் சட்டம் அமைத்த பராமரிப்புச் சபை முன் பெற்றோர் முறையிடலாம். 2023-இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் 70 வயது கடந்த வறியோருக்கு மாதம் 2,000 ரூபாய் என்று வைத்தது. தெரிவுப் பட்டியல் வந்ததும் நாடெங்கும் மேன்முறையீடுகள் குவிந்தன. அவற்றைக் கேட்டது பிரதேச செயலகம். பிரதேச சபைக்கு அதில் வேலையில்லை.

மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே 6 தேர்தல் வரை அதிகாரிகளின் கையில் இருந்தன. மாகாண சபைக்கு 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை; கைதடி இல்லத்தின் செலவுக்கு வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டிய மாகாண சபை உறுப்பினர் ஒருவரும் அதுவரை இருக்கவில்லை.